எத்தனை பவுண்டு என்று கேட்காதீர்கள்: கைத்துப்பாக்கி டிரிகர்கள் பற்றி

டாலஸுக்கு வடக்கே நாங்கள் வசிக்கும் பகுதியில், புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கும் தமிழர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது, “அக்கா, எத்தனை பவுண்டு டிரிகர் வாங்கலாம்?” என்பதுதான். டிரிகரை இழுத்துச் சுட விரல் எத்தனை பவுண்டு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு. கடைக்காரரும் அந்த எண்ணைத்தான் முதலில் சொல்கிறார். காணொளிகளில் பேசுபவர்களும் அதை வைத்தே ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்துகிறார்கள். நான் இயந்திரப் பொறியாளர். சுருள்வில்களை அளந்து சோதிப்பது என் வேலையின் ஒரு பகுதி. வார இறுதிகளில் உள்ளூர்ப் போட்டிகளில் சுடுகிறேன். இரண்டு இடங்களிலும் கற்றதை வைத்துச் சொல்கிறேன்: ஒரு டிரிகரைப் பற்றி அந்த எண் நமக்குச் சொல்வது மிகக் கொஞ்சம். விரல் எவ்வளவு தூரம் போகிறது, அந்தத் தூரத்தில் எங்கே சுமை ஏறுகிறது, எங்கே சட்டென்று விடுபடுகிறது, அடுத்த குண்டுக்கு எவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டும் என்பவையே கையின் அனுபவத்தைத் தீர்மானிக்கின்றன.

அளவுகோலிலேயே சிக்கல் இருக்கிறது. டிரிகர் எடையை அளக்கும் கருவியில் ஒரு கொக்கி இருக்கும். அதை டிரிகரில் மாட்டி, சுத்தியல் (தோட்டாவை வெடிக்க வைக்கும் அடியைத் தரும் துண்டு) விழும்வரை இழுத்தால் உச்ச எடையைக் காட்டும். பெரும்பாலான டிரிகர்கள் மேலே ஓர் ஊசியில் தொங்கிச் சுழல்பவை. அதனால் கொக்கியை டிரிகரின் நுனியில் மாட்டினால் எடை குறைவாகவும், நடுவில் மாட்டினால் அதிகமாகவும் காட்டும். நெம்புகோலின் நீளம் மாறுகிறது, வேறொன்றுமில்லை. ஒரே துப்பாக்கியை இருவர் அளந்து இரண்டு எண்களைச் சொல்லிச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். இருவர் சொன்னதும் சரி. எங்கே மாட்டினார்கள் என்பதை இருவருமே சொல்லவில்லை.

உச்ச எடையை விட்டுவிட்டு, விரல் நகரும் தூரத்தைக் கிடைக்கோட்டிலும் சுமையைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரைந்து பாருங்கள். ஒவ்வொரு வகைத் துப்பாக்கிக்கும் தனி முகம் தெரியும். முதலில் சுமையே இல்லாமல் போகும் தளர்வான பகுதி. பிறகு விரல் போய் முட்டும் இடம். எங்கள் வட்டத்தில் இதைச் சுவர் என்கிறோம். சுவரைத் தாண்டி, பிடி விடும்வரை இழுபடும் கொஞ்ச தூரம். விடுபட்ட பின்னும் டிரிகர் பின்னால் ஓடும் மிச்ச தூரம். கடைசியாக, விரலைத் தளர்த்தும்போது துப்பாக்கிக்குள் டிரிகரின் இணைப்பு மீண்டும் மாட்டிக்கொண்டு ‘க்ளிக்’ என்று கேட்கும் புள்ளி. ஐந்து பவுண்டு என்று இரண்டு பெட்டிகளில் எழுதியிருக்கலாம். ஒன்றில் அந்த ஐந்தும் கண்ணாடி உடைவதைப் போல ஒரே புள்ளியில் வந்து போகும். இன்னொன்றில் பஞ்சை அமுக்குவதாகத் தோன்றும்.

அந்தக் கண்ணாடி உடைவுக்குப் பேர்போனது எம்1911. ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி. நூறாண்டுகளுக்கு மேலாகியும் டிரிகர் பற்றிப் பேசும்போது எல்லோரும் இதனோடுதான் ஒப்பிடுகிறார்கள். இதில் டிரிகர் சுழல்வதில்லை. நேராகப் பின்னால் நகர்கிறது. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மகசினைச் சுற்றி ஓடும் ஒரு மெல்லிய உலோக வளையம் அதன் பின்பகுதி. அது பின்னால் போய் ஒரு சிறு துண்டைத் தள்ள, அது சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியை நகர்த்துகிறது. சுத்தியல் ஏற்கெனவே முழுக்கப் பின்னால் இழுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. விரலுக்கு அதை விடுவிப்பது ஒன்றே வேலை. அதனால்தான் நகரும் தூரம் அவ்வளவு குறைவு, உடைவு அவ்வளவு சுத்தம். மூன்று விரல்கள் உள்ள ஒரு தட்டை வில் கொக்கி, இணைப்புத் துண்டு, பிடியின் பின்புறப் பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கும் அழுத்தம் கொடுக்கிறது. நல்ல கைவினைஞர் அந்த வில்லின் விரல்களைக் கொஞ்சம் வளைத்தே டிரிகரின் குணத்தை மாற்றிவிடுவார். இவ்வளவு எளிய பொருளில் இவ்வளவு நுட்பம் இருப்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மலைப்பு.

ஆனால் இதை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொள்பவர் சுத்தியல் பின்னிழுபட்ட நிலையில், கட்டைவிரல் பாதுகாப்பைப் போட்டு வைத்திருக்க வேண்டும். உருவும்போது அதைத் தட்டிவிட வேண்டும். உறையில் திரும்ப வைக்குமுன் மறக்காமல் போட வேண்டும். பழகியவர்களுக்கு இது மூச்சுவிடுவதுபோல் நடக்கும். மாதத்துக்கு ஒருமுறை சுட வருபவர்களுக்கு அது எப்போதும் வாய்ப்பதில்லை. முதல் துப்பாக்கியாக 1911 வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் தயங்குவதற்கு இதுவே காரணம். தவறு டிரிகரில் இல்லை. பிடியைக் கையில் பிடித்த பிறகு, அவ்வளவு குறுகிய, மெல்லிய டிரிகருக்கு முன்னால் நிற்கும் ஒரே வேலி, நாம் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய ஒரு செயலாக இருக்கிறது.

இந்திய வாசகர்களுக்கு ஒரு தகவல்: நம் ராணுவமும் காவல்துறையும் நெடுங்காலமாக வைத்திருக்கும் ‘பிஸ்டல் ஆட்டோ 9 எம்எம் 1ஏ’ பிரௌனிங் ஹை-பவரின் வடிவம்தான். இஷாபூர் ரைபிள் தொழிற்சாலையில் உருவாவது. 1911-ஐப் போலவே இதிலும் சுத்தியலை முதலில் பின்னிழுத்தாக வேண்டும். ஆனால் டிரிகரின் அசைவு, துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகமான ஸ்லைடுக்குள் இருக்கும் ஒரு நெம்புகோல் வழியாகச் சுற்றிப் போகிறது. போதாக்குறைக்கு, மகசின் இல்லையென்றால் சுடாதபடி தடுக்கும் ஒரு துண்டு மகசினின் முகத்தில் உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசல் விரலில் தெரியும். அதே பிரௌனிங்கின் கையில் தொடங்கிய துப்பாக்கி, அதே வகை டிரிகர், உணர்வு வேறு.

இனி எனக்கு மிகவும் பிடித்த வகைக்கு வருகிறேன். முதல் குண்டுக்கு நீண்ட, கனமான இழுப்பு. அடுத்த குண்டுகளுக்குக் குறுகிய, மெல்லிய இழுப்பு. இரட்டைச் செயல் என்று சொல்கிறார்கள். முதல் முறை டிரிகரை இழுக்கும்போது அந்த ஒரே இழுப்பு சுத்தியலைத் தூக்கி, பெரிய வில்லை அமுக்கி, பிறகு விடுவிக்கிறது. குண்டு வெளியேறியதும் ஸ்லைடு பின்னால் வந்து சுத்தியலைத் தானே ஏற்றி வைத்துவிடும். அதன்பின் விரலுக்கு விடுவிக்கும் வேலை மட்டும்தான்; அந்த மெல்லிய இழுப்புக்கு ஒற்றைச் செயல் என்று பெயர். 1929-இல் வந்த வால்தர் பிபி இந்த முறையை வணிகரீதியாக வெற்றி பெறச் செய்தது. அடுத்து அதே நிறுவனத்தின் பி38. பிறகு 1975-இல் வந்த பெரெட்டா 92. அதன் ஒரு வடிவம் 1985-இல் எம்9 என்ற பெயரில் அமெரிக்க ராணுவத்தில் 1911-இன் இடத்தைப் பிடித்தது.

பெரெட்டா 92-இல் முதல் இழுப்பு பன்னிரண்டு பவுண்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அடுத்தது ஐந்துக்குப் பக்கத்தில். இந்த இரண்டு எண்களைக் கேட்டவுடனே பலர் பின்வாங்குகிறார்கள். எங்கள் கிளப்பில் எம்9-ஐச் சுமந்து பணியாற்றிய ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் இருக்கிறார். அவர் முதல் குண்டை இரட்டைச் செயலில் சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். உருவிய துப்பாக்கியை இலக்கை நோக்கி முன்னே நீட்டும்போதே இழுப்பைத் தொடங்கிவிடுகிறார். கை முழுதாக நீளும் கணத்தில் சுத்தியல் விழுகிறது. நீண்ட இழுப்பின் நேரம், துப்பாக்கி நகரும் நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பாதியில் நிறுத்தக்கூடாது என்பது ஒன்றுதான் விதி. கிணற்றில் வாளியை இழுப்பதுபோல, தொடங்கினால் ஒரே ஓட்டத்தில் மேலே கொண்டுவர வேண்டும். நடுவில் நிறுத்தி, குறிபார்த்து, மீண்டும் இழுத்தால் முனை ஆடும்.

முதல் குண்டைவிட இரண்டாவது குண்டுதான் புதியவர்களுக்குப் பிரச்சினை தருகிறது. கனமான இழுப்புக்குத் தயாராக இருக்கும் விரல் திடீரென்று மெல்லிய டிரிகரைச் சந்திக்கிறது. நினைத்ததைவிட முன்பே சுட்டுவிடுகிறது. இதைச் சரிசெய்யச் செலவில்லாத வழி உண்டு. ஒரு குண்டு இரட்டைச் செயலில், ஒரு குண்டு ஒற்றைச் செயலில், சுத்தியலை இறக்கு, மீண்டும் அதே ஜோடி. மகசின் முழுவதும் இப்படியே. நம்மில் பலர் பயிற்சிக் களத்தில் ஒரே ஒருமுறை இரட்டைச் செயலில் தொடங்கி, மீதிக் குண்டுகளை எல்லாம் மெல்லிய இழுப்பில் தீர்த்துவிட்டு, “முதல் குண்டு சரியில்லை” என்று வீட்டுக்குப் போகிறோம். பழகாதது எப்படிச் சரியாக இருக்கும்?

நான் வைத்திருப்பது செக் நாட்டுத் துப்பாக்கி. சிஇசட் 75-ஐ யோசெப், பிராந்திஷெக் என்ற கௌட்ஸ்கி சகோதரர்கள் 1975-இல் வடிவமைத்தார்கள். அதன் வழித்தோன்றலான பி-01-ஐ 2001-இல் செக் காவல்துறை ஏற்றது. அதில் சுத்தியலைப் பாதுகாப்பாக இறக்கும் நெம்புகோல் உண்டு. நெம்புகோலை அழுத்தினால் சுத்தியல் முழுக்கக் கீழே போகாது. பாதி வழியில் ஒரு வெட்டில் மாட்டி நிற்கும். அதனால் முதல் இழுப்பு சற்றே பின்னாலிருந்து தொடங்குகிறது. என்னைப் போன்ற சிறிய கைகளுக்கு இந்தச் ‘சற்றே’ என்பது பெரிய வரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த நெம்புகோல் இல்லாத சிஇசட் துப்பாக்கிகளும் உண்டு. போட்டிகளில் மிகப் பிரபலமான ஷாடோ 2 அப்படிப்பட்டது. யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டி அமைப்பின் புரொடக்‌ஷன் பிரிவில் இரட்டைச் செயல் துப்பாக்கிகள் சுத்தியல் இறங்கிய நிலையில்தான் தொடங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், குழலில் குண்டு இருக்கும்போதே, டிரிகரை அழுத்திக்கொண்டு கட்டைவிரலால் சுத்தியலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முனை மண்மேட்டை நோக்கி இருக்கும். கட்டைவிரல் வழுக்கினால் குண்டு பாயும், போட்டியிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். அனுபவசாலிகள் மற்றக் கையின் விரலைச் சுத்தியலுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் வைத்து இறக்குவார்கள். ஷாடோ 2-இன் டிரிகர் அற்புதமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வீட்டுப் பாதுகாப்புக்கு வேண்டும் என்று யாராவது அதைக் கேட்டால் வேண்டாம் என்பேன். விளையாட்டுக் களத்தில், நடுவர் பக்கத்தில் நிற்கும்போது செய்யும் காரியம் வேறு. நள்ளிரவில், பதற்றத்தில் செய்வது வேறு.

இரட்டைச் செயலை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு உண்மையான காரணம் சுடுவதில் இல்லை; உறையில் வைப்பதில் இருக்கிறது. துப்பாக்கியை உறைக்குள் நுழைக்கும்போது கட்டைவிரலைச் சுத்தியலின் மேல் வைத்துக்கொள்கிறேன். சட்டை நுனியோ, மேலங்கியின் நாடாவோ டிரிகரில் சிக்கினால் சுத்தியல் எழும்பத் தொடங்கும். அந்த அசைவைக் கட்டைவிரல் உடனே உணரும். நிறுத்திவிடலாம். துப்பாக்கி விபத்துகளில் இந்தக் கணம் மோசமானது. ஏனென்றால் அப்போது அவசரம் முடிந்துவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது.

ஸ்டிரைக்கர் வகைக்கு வருவோம். இன்று அமெரிக்காவில் கடைகளில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். கஸ்டன் கிளாக் வடிவமைத்த கிளாக் 17-ஐ 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டது. வெளியே சுத்தியல் கிடையாது. குழலுக்குப் பின்னால் நேர்கோட்டில் ஒரு ஊசி, அதுதான் ஸ்டிரைக்கர்; அதை முன்னே தள்ளும் ஒரு வில். ஸ்லைடு முன்னே வரும்போது அந்த வில் ஓரளவுதான் அமுங்கும். மீதியை விரல் முடித்து, பிறகு விடுவிக்கிறது. டிரிகரின் நடுவில் ஒரு சிறு நாக்கு. அதை அழுத்தாமல் டிரிகர் நகராது. ஊசியைத் தடுக்கும் ஒரு முளை உள்ளே உண்டு. கீழே விழுந்தால் நகராதபடி ஒரு தாங்கலும் உண்டு. மூன்றுமே டிரிகரை இழுக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக விலகும். நினைவில் வைத்துத் தட்டிவிட வேண்டியது எதுவும் இல்லை. முதல் குண்டும் பதினேழாவது குண்டும் விரலுக்கு ஒரேமாதிரி இருக்கும். கற்றுக்கொடுப்பவரின் கண்ணிலிருந்து பார்த்தால் இது மிகப் பெரிய அனுகூலம், மறுப்பதற்கில்லை.

கிளாக்கின் வழக்கமான எடை ஐந்தரை பவுண்டு என்பார்கள். 1911-ஐச் சுட்டுவிட்டு இதை எடுத்தால் விரல் ஒருவித ரப்பரை இழுப்பதாக உணரும். சுவர் இருக்கும், ஆனால் சுவரைத் தாண்டியும் கொஞ்சம் இழுபட்டுத்தான் உடையும். வில்லையும் அமுக்கிக்கொண்டே போவதால் அப்படி. இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே நடக்கும் வேலையை விரலுக்கு நேர்மையாகச் சொல்லும் டிரிகர் அது.

எல்லா ஸ்டிரைக்கர் துப்பாக்கிகளையும் ஒரே கூடையில் போடுவது தவறு. சிக் சாவர் பி320-இல் ஸ்டிரைக்கர் முழுக்க ஏற்றப்பட்டே இருக்கும். விரலுக்கு 1911-ஐப்போல விடுவிக்கும் வேலை மட்டும்தான். அதனால் இழுப்பு குறுகல், உடைவு தெளிவு. அதன் ராணுவ வடிவமான எம்17-ஐ 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பொதுமக்களுக்கு விற்ற பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கமாகத் தரையில் விழும்போது சுடக்கூடும் என்று சோதனைகளில் தெரிந்தது. விழுந்த துப்பாக்கி நின்றுவிட, டிரிகர் தன் எடையால் தொடர்ந்து பின்னால் நகர்கிறது. டிரிகர் கனமாக இருந்தால் அந்த உந்தமே கொக்கியை விடுவிக்கப் போதும். நிறுவனம் விருப்பத்தின் பேரில் மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்து, இலேசான டிரிகரையும் கூடுதலாக ஒரு துண்டிப்புப் பாகத்தையும் பொருத்தித் தந்தது. இங்கே ‘எடை’ என்று நான் சொல்வது டிரிகர் என்ற உலோகத் துண்டின் சொந்த எடையை. அதைக் கிராம் கணக்கில் குறைத்ததால் ஒரு அபாயம் குறைந்தது. எந்தப் பெட்டியிலும் அந்த எண்ணை அச்சிடுவதில்லை.

கிளாக் வாங்குபவர்களுக்கு இன்னொன்று: அதைப் பிரிக்க வேண்டுமானால் முதலில் டிரிகரை அழுத்தியாக வேண்டும். மகசினை எடுத்து, ஸ்லைடைப் பின்னிழுத்துப் பூட்டி, குழலைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் அழுத்த வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் எம் அண்ட் பி, சிக்கின் பி320 போன்றவற்றை டிரிகரைத் தொடாமலே பிரிக்கலாம். வீட்டு மேசையில் துப்பாக்கி துடைப்பவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். டிரிகரைக் கனமாக்கினால் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணம்.

நியூயார்க் நகரக் காவல்துறை 1993-இல் ரிவால்வரிலிருந்து அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறத் தொடங்கியது. ரிவால்வரின் நீண்ட, கனமான இழுப்பு தற்செயலாகச் சுடுவதைத் தடுத்தது என்ற நம்பிக்கையில், புதிய துப்பாக்கிகளும் அப்படியே இழுக்க வேண்டும் என்று விரும்பினார்கள். கிளாக்கில் இதற்கென்றே ‘நியூயார்க் டிரிகர்’ என்று பெயர்பெற்ற வில் இருக்கிறது. வழக்கமான சுருள்வில் டிரிகரை இழுக்க உதவும். இதுவோ எதிர்த்துத் தள்ளும். எடை பன்னிரண்டு பவுண்டுக்குப் பக்கத்தில் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குண்டு நிரப்பிய கிளாக் 19-இன் மொத்த எடை இரண்டு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அதைச் சுட வைக்க, அதன் எடையைப்போல ஆறு மடங்கு அழுத்தத்தை ஒற்றை விரலால், ஒரு பக்கமாகக் கொடுக்க வேண்டும். அந்த ஆறு மடங்கில் சிறு பங்கு பக்கவாட்டில் போனாலும் முனை நகரும். ஒப்பிட, முழு எஃகில் செய்த 1911 வெறுமையாகவே இரண்டரை பவுண்டுக்குச் சற்றுக் கீழே. அதன் டிரிகர் நான்கோ ஐந்தோ. துப்பாக்கியின் எடைக்கும் டிரிகரின் எடைக்கும் உள்ள இந்த விகிதத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

பெரெட்டாவின் முதல் இழுப்பும் பன்னிரண்டுதானே என்று கேட்கலாம். அங்கே பன்னிரண்டு ஒருமுறை, அதன்பின் ஐந்து. துப்பாக்கியும் கனமானது, உலோகச் சட்டகம் கொண்டது. நியூயார்க் வில் போட்ட கிளாக்கில் ஒவ்வொரு குண்டுக்கும் பன்னிரண்டு, இலேசான பிளாஸ்டிக் சட்டகத்தில்.

2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே ஆயுதம் வைத்திருந்த ஒருவர்மேல் இரண்டு காவலர்கள் 16 குண்டுகளைச் சுட்டார்கள். வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் காயமடைந்தார்கள். காவலர்களின் குண்டுகளாலும் தெறித்த சிதறல்களாலும்தான். அன்று நடந்ததற்கு டிரிகர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. நெரிசல், மிகக் குறுகிய நேரம், உயிர் பயம் எல்லாம் சேர்ந்த நிகழ்வு அது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2008-இல், அந்தக் காவல்துறையின் துப்பாக்கிப் பயிற்சியை ஆராய்ந்த ராண்ட் என்ற ஆய்வு அமைப்பு, இலேசான டிரிகரைப் பரிசீலிக்கும்படி எழுதியிருந்தது. கூட்டமான தெருவில் தவறிப்போகும் ஒவ்வொரு குண்டும் யாரோ ஒருவர் நிற்கும் இடத்துக்குப் போகிறது. தற்செயலாகச் சுடுவதைத் தடுக்கிறோம் என்று சொல்லி, வேண்டுமென்றே சுடும் குண்டு வழிதவறும்படி செய்வது என்ன பாதுகாப்பு?

பன்னிரண்டு பவுண்டு தற்செயலைத் தடுக்கும் என்பதையும் நான் ஏற்கவில்லை. திடுக்கிட்டுக் கை இறுகும்போது வளர்ந்த மனிதரின் பிடிக்குப் பன்னிரண்டு பவுண்டு ஒரு பொருட்டே அல்ல. விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, சட்டகத்தின் மேல் நீட்டியிருந்தால் மூன்று பவுண்டும் பாதுகாப்பு. உள்ளே இருந்தால் பன்னிரண்டும் ஆபத்து. விரலை எங்கே வைப்பது என்று கற்பிக்க நேரமும் குண்டும் செலவாகும். வில் மலிவு. நிர்வாகங்கள் வில்லைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லாக் குண்டுக்கும் நீண்ட இழுப்பு என்ற வகையிலும் நல்ல வடிவமைப்பு சாத்தியம் என்பதை ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்தின் எல்இஎம் என்ற டிரிகர் அமைப்பு காட்டுகிறது. அதில் சுத்தியல் இரண்டு துண்டு. உள்துண்டை ஸ்லைடே ஏற்றிவிடும். வெளித்துண்டை விரல் இழுத்துக்கொண்டு வரும். நீண்ட தூரம், ஆனால் மிக இலேசு. கடைசியில் மட்டும் ஒரு தெளிவான சுவர். அவகாசம் தரும், கையை ஆட்டாது. சுத்தியலும் வெளியே தெரிவதால் கட்டைவிரலையும் வைக்கலாம். தூரத்தையும் எடையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை. அதே நிறுவனம் எழுபதுகளில் செய்த பி7-இல் பிடியின் முன்பக்கத்தை அழுத்தினால் ஸ்டிரைக்கர் ஏறும், கையைத் தளர்த்தினால் இறங்கிவிடும். அழகான யோசனை, இப்போது சேகரிப்பாளர்களிடம்தான் பார்க்க முடிகிறது.

கை அளவு பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். இதை ஆண்கள் எழுதும் ஒப்பீடுகளில் அபூர்வமாகவே பார்க்கிறேன். பெரெட்டா 92-ஐச் சரியாகப் பிடித்தால், சுத்தியல் இறங்கிய நிலையில், என் விரல் நுனி டிரிகரின் ஓரத்தைத்தான் தொடுகிறது. அங்கிருந்து பன்னிரண்டு பவுண்டை நேராக இழுக்கவே முடியாது; பக்கவாட்டில்தான் போகும். எட்டுவதற்காகப் பிடியைச் சுற்றிப் பிடித்தால், பின்னுதை கட்டைவிரலின் எலும்பில் போய் அடிக்கிறது. இதற்கு எந்தப் பயிற்சியும் மருந்தல்ல. கை எட்டவில்லை என்றால் எட்டவில்லை. விரல் எட்ட வேண்டிய தூரத்தைக் குறைக்கும் டிரிகர்கள் சில துப்பாக்கிகளுக்குத் தனியே கிடைக்கின்றன. சிக் பி226-க்கு உண்டு. மெலிந்த பிடிப்பலகை போட்டாலும் கொஞ்சம் மாறும். கடையில் பெண்களிடம் “இது உங்களுக்குக் கனம், சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் பையில் அடங்கும் துப்பாக்கியைத் திணிக்கிறார்கள். சின்னத் துப்பாக்கி அதிகம் உதைக்கும், பிடிக்கவும் இடமிருக்காது. நமக்கு வேண்டியது விரல் எட்டும் துப்பாக்கி. எடை அதற்குப் பின்புதான்.

புதியவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்றால், பெரும்பாலும் ஸ்டிரைக்கர் வகையை, தொழிற்சாலை டிரிகரோடு, நல்ல கெட்டியான உறையோடு. உறையில் வைக்கும்போது கண்ணால் பார்த்து, மெதுவாக வையுங்கள். வாரத்தில் சில முறையாவது வீட்டில் பயிற்சி செய்யக்கூடியவர், விரல் எட்டுபவர் என்றால் இரட்டைச் செயலையும் சுட்டுப் பாருங்கள் என்கிறேன். வாங்குமுன் பயிற்சிக் களத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவது நல்லது. முடிந்தால், குறிபார்க்க உதவும் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி பொருத்தியதைக் கேளுங்கள். டிரிகர் உடையும் கணத்தில் அந்தப் புள்ளி எந்தப் பக்கம் குதிக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். எத்தனை பவுண்டு என்று கருவி சொல்வதைவிட, இந்த டிரிகர் உங்கள் கையை என்ன செய்கிறது என்று அது சொல்லும்.

வாங்கிய உடனே வில்லை மாற்றாதீர்கள். இரட்டைச் செயல் துப்பாக்கிகளில் சுத்தியலின் வில்லை மெல்லியதாக்கினால் முதல் இழுப்பு இனிமையாகிவிடும், உண்மை. ஆனால் அந்த வில்தான் ஊசியை அடிக்கும் வலுவையும் தருகிறது. எல்லாத் தோட்டாக்களின் அடித்தட்டும் ஒரே கடினம் அல்ல. ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர் (ஊசி அடிக்கும் அந்த அடித்தட்டு) மென்மையானது, சிசிஐ நிறுவனத்தினுடையது கடினமானது. மெல்லிய வில் ஒன்றில் தவறாமல் சுடும், மற்றொன்றில் இடையிடையே வெறுமனே தட்டிவிட்டு நிற்கும். போட்டிக்கு மட்டும் என்றால், தோட்டாவைத் தேர்ந்தெடுத்து வில்லை மெல்லியதாக்கலாம். வீட்டுக் காவலுக்கு வைத்திருக்கும் என் பி-01-இல் தொழிற்சாலை வில்தான் இருக்கிறது. உரசும் இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய், நிறையத் தோட்டா இல்லாத பயிற்சி. ஒன்றோடொன்று உரசி உரசி அந்தப் பரப்புகள் தாமே வழுவழுப்பாகி வருகின்றன.